பெட்டி மேலே ஒரு பெயர்! உள்ளே வேறு பிலிம்!
பெயர் மாறிய கறுப்பு வெள்ளைச் சுருளை எத்தனை நிமிடம் கழுவுவது?

கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கினால், வளைந்து வளைந்து மேலே ஏற வேண்டும். ஏறினால் கண்ணுக்கு விருந்து. பலா மரங்கள், மிளகுக் கொடிகள், அறப்பளீசுவரர் கோவில், ஆகாய கங்கை அருவி! ஆடி மாதம் வந்தால் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை அல்லவா?

அந்த விழாவுக்கு ஒரு இளைஞர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் பழைய காலத்துக் கேமரா. அதற்குள் கறுப்பு வெள்ளை பிலிம். 36 படம் எடுக்கிறார். ஆட்டக்காரர்களை எடுக்கிறார். வில்லைத் தூக்கிப் பிடித்த சிறுவனை எடுக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து சிரிக்கும் 90 வயதுப் பாட்டியை எடுக்கிறார்.

மலையை விட்டு இறங்குகிறார். வீட்டுக்கு வந்து பிலிமைக் கழுவ வேண்டும். எத்தனை நிமிடம் கழுவுவது?

பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறார். அழகான பெயர். அழகான படம். ஆனால், நேரம் போடவில்லை! யார் தயாரித்தது என்றும் போடவில்லை!

இது கற்பனைக் கதைதான். ஆனால், இந்தச் சங்கடம் கற்பனை அல்ல. பழைய கேமராவை மறுபடியும் தூசி தட்டி எடுத்திருக்கும் இளைஞர்கள் பலரும் சந்திக்கும் சங்கடம் இது. அதிலிருந்து தப்புவது எப்படி? பார்ப்போம்.

கழுவுவது என்றால் என்ன?

செல்போனில் படம் எடுத்துப் பழகிய பிள்ளைகளுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம்.

பிலிம் என்பது கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பட்டை. அதன் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. ஜெலட்டின் என்ற பசையில் வெள்ளி உப்பைக் கலந்து பூசியிருப்பார்கள். வெளிச்சம் பட்டதும் அந்த உப்பில் ஒரு மாறுதல் உண்டாகிறது. ஆனால், அது கண்ணுக்குத் தெரியாது. ஒளிந்திருக்கும் படம் அது!

அந்தப் படத்தை வெளியே கொண்டு வருவதற்கு ஒரு மருந்து உண்டு. அதற்கு டெவலப்பர் என்று பெயர். அந்த மருந்தில் பிலிமைப் போட்டால், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கறுத்துக்கொண்டே வரும். போதுமான அளவு கறுத்ததும் மருந்தை ஊற்றிவிட வேண்டும். பிறகு ஹைப்போ என்ற இன்னொரு மருந்து. அது, கறுக்காமல் மீந்திருக்கும் உப்பைக் கரைத்துவிடும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டால் நெகட்டிவ் தயார். இதைத்தான் ஸ்டூடியோக்காரர்கள் "பிலிம் கழுவுவது" என்கிறார்கள்.

இதில் உயிர்நாடி எது? முதல் மருந்தில் பிலிம் இருக்கும் நேரம்தான்!

நேரம் குறைந்தால் நெகட்டிவ் வெளிறிப் போகும். அதிலிருந்து போடும் படம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். நேரம் கூடினால் வெள்ளை வேட்டியின் மடிப்பு தெரியாது. அருவியின் நுரை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். முகத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும்.

சமையலில் உப்பு குறைந்தால் போட்டுக்கொள்ளலாம். இங்கே அது நடக்காது. ஹைப்போவில் போட்ட பிலிம் போட்டதுதான். மறுபடியும் கொண்டுபோய் டெவலப்பரில் போட்டுப் பயன் இல்லை. விழாவும் அடுத்த ஆடிக்குத்தான். அந்தப் பாட்டி அதுவரை இருப்பாளோ, மாட்டாளோ?

பிலிமுக்கு பிலிம் நேரம் மாறும்

"400 வேகம் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே! எல்லா 400-க்கும் ஒரே நேரம்தானே?" என்று கேட்கலாம்.

அதுதான் இல்லை!

உலகத்தில் பெயர் பெற்ற இரண்டு கறுப்பு வெள்ளைப் பிலிம்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, அமெரிக்காவில் கோடக் கம்பெனி செய்யும் டிரை-எக்ஸ். மற்றது, இங்கிலாந்தில் இல்போர்டு கம்பெனி செய்யும் எச்.பி.5 பிளஸ். இரண்டுக்கும் வேகம் 400-தான்.

டி-76 என்று ஒரு மருந்து உண்டு. 1927-ல் கோடக் கம்பெனி கண்டுபிடித்தது. மெட்டால், ஹைட்ரோக்வினோன், சோடியம் சல்பைட், போராக்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்த மருந்து. 20 டிகிரி சூட்டில், ஒரு பங்கு மருந்துக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால், டிரை-எக்சுக்கு 9¾ நிமிடம் ஆகும். எச்.பி.5 பிளசுக்கோ 13 நிமிடம்!

வேகம் ஒன்று, மருந்து ஒன்று, சூடு ஒன்று. ஆனால், நேரத்தில் 3 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். ஏன்? பூச்சு வேறு. அந்தப் பூச்சு எந்த ஆலையில், எந்தப் பக்குவத்தில் பூசப்பட்டதோ, அதைப் பொறுத்தது நேரம். பெட்டியில் அச்சடித்த பெயரைப் பொறுத்தது அல்ல.

புது அரிசியும் பழைய அரிசியும் ஒரே நேரத்திலா வேகின்றன? சாக்கில் என்ன எழுதியிருந்தால் என்ன!

ஒரே தறி, பல லேபிள்!

பெயர் ஏன் மாறுகிறது? இதைத் தெரிந்துகொள்ள ஜவுளிக் கடைக்குப் போனால் போதும்.

ஒரு தறியில் நெய்த வேட்டி பத்துக் கடைக்குப் போகிறது. ஒவ்வொரு கடைக்காரரும் தன் கடை லேபிளை ஒட்டி விற்கிறார். வேட்டி ஒன்றுதான், பெயர்தான் பத்து. பிலிமும் அப்படித்தான்.

பிலிமை அகலமான பெரிய சுருளாகத்தான் ஆலையில் பூசி எடுப்பார்கள். அதைப் பிறகு பட்டை பட்டையாக வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, சிறு டப்பிக்குள் சுருட்டுவார்கள். பூசுகிற வேலைக்குத்தான் பெரிய ஆலை வேண்டும். தூசி கூடாது, வெளிச்சம் கூடாது. அப்படிப்பட்ட ஆலைகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. வெட்டிச் சுருட்டிப் பெட்டியில் போடுவதை மற்றவர்களும் செய்யலாம். ஆகவே, ஆலைகள் கொஞ்சம், பெயர்கள் ஏராளம்!

செக் நாட்டில் ஹிராடெட்ஸ் கிராலோவே என்ற ஊரில் போமா என்ற ஆலை இருக்கிறது. 1921-ல் தொடங்கிய ஆலை. "போமாபான்" என்ற பிலிம் அங்கே தயாராகிறது. அதே பிலிம் அமெரிக்காவுக்குப் போய், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கடை ஒன்றின் "அரிஸ்டா" என்ற பெயரில் விற்பனையாகிறது. பெட்டியில் "செக் நாட்டில் செய்தது" என்று போட்டிருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் போமாபானுக்கு உரிய நேரத்தையே அதற்கும் வைத்துக்கொள்கிறார்கள்.

ஜப்பான் நாட்டுப் பியூஜி கம்பெனியின் "ஆக்ரோஸ்" பிலிம் 2018-ல் நின்றுபோயிற்று. அடுத்த வருடமே, 2019-ல், "ஆக்ரோஸ் 2" என்று திரும்பி வந்தது. பெட்டியைப் பார்த்தால், "இங்கிலாந்தில் செய்தது" என்று இருக்கிறது! பெயர் பழைய பெயர். ஆனால், ஊர் வேறு. பழைய ஆக்ரோசின் நேரத்தைப் பார்த்து, புதிய ஆக்ரோசைக் கழுவலாமா? கூடாது!

ஆக, ஏமாற்றம் இரண்டு விதம். ஒரே பிலிமுக்கு இரண்டு பெயர் இருப்பது ஒரு விதம். ஒரே பெயரில் இரண்டு பிலிம் இருப்பது இன்னொரு விதம். இரண்டாவதுதான் ஆபத்தானது. முதல் விதத்தில் நேரம் தெரியாமல் தவிப்போம். இரண்டாவதில், நேரம் தெரியும் என்று நினைத்துக்கொண்டே பிலிமைக் கெடுத்துவிடுவோம்!

ஆக்பா கதை

இதற்கு ஜெர்மனியில் ஒரு பெரிய கதையே நடந்திருக்கிறது.

"ஆக்பா" என்ற பெயர் நம் தாத்தாக்களுக்கெல்லாம் தெரிந்த பெயர். அந்தக் கம்பெனியின் பெரிய பிலிம் ஆலை வோல்பென் என்ற ஊரில் இருந்தது. இரண்டாவது உலகப் போர் முடிந்தது. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தது. வோல்பென் ஊர் கிழக்கு ஜெர்மனிக்குப் போயிற்று. மேற்கு ஜெர்மனியில் லெவர்குசென் என்ற ஊரிலும் ஆக்பா ஆலை நடந்தது. இரண்டு நாடு, இரண்டு ஆலை, ஆனால், பெயர் மட்டும் ஒன்று!

1964-ல் வோல்பென் ஆலை தன் பெயரை மாற்றிக்கொண்டது. "ஆர்வோ" என்று வைத்துக்கொண்டது. "வோல்பெனில் செய்த அசல் சரக்கு" என்பதன் சுருக்கம் அது. நேற்று வரை ஆக்பா என்று வந்த சரக்கு, அன்று முதல் ஆர்வோ என்று வந்தது. அந்த ஆர்வோ பிலிம் நம் நாட்டு ஸ்டூடியோக்களிலும் நிறையப் புழங்கிற்று.

கதை அதோடு முடியவில்லை. மேற்கில் இருந்த ஆக்பா, 2004-ல் பிலிம் தொழிலைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து விட்டது. மறு வருடமே, 2005-ல், அந்தப் புதுக் கம்பெனி நொடித்துப் போயிற்று. ஆலை போயிற்று, பெயர் போகவில்லை! பிற்காலத்தில் வேறு ஆலையில் செய்த பிலிமுக்கு அந்தப் பெயரைச் சூட்டி விற்றார்கள். அதனால்தான், கழுவும் நேரப் பட்டியல்களில் "ஏ.பி.எக்ஸ்." என்ற அந்தப் பிலிமுக்குப் பழையது, புதியது என்று இரண்டு வரிகள் இருக்கின்றன.

மருந்திலும் இப்படி உண்டு. கோடக்கின் டி-76-ம், இல்போர்டின் ஐ.டி.-11-ம் ஏறக்குறைய ஒரே மருந்துதான். எச்.பி.5 பிளசுக்கு இரண்டிலும் ஒரே நேரம்தான்.

ஊட்டியில் பிறந்த "இந்து"

நம் தமிழ்நாட்டிலேயே பிலிம் ஆலை இருந்தது என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

1960-ல் மத்திய சர்க்கார் "இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்" என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. இடம், ஊட்டி! குளிர்ந்த காற்று, தூசி இல்லாத மலை. பிலிமுக்கு வேண்டியது இதுதானே? பிரான்ஸ் நாட்டுப் பொஷே கம்பெனி தொழில்நுட்பம் கொடுத்தது. 1967-ல் உற்பத்தி தொடங்கிற்று. ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே பிலிம். தியேட்டருக்கு சினிமா பிலிம். ஸ்டூடியோவுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிம், பிரிண்ட் காகிதம்.

அந்தச் சரக்கின் பெயர் "இந்து". இந்து என்றால் நிலா. வெள்ளியால் ஆன பிலிமுக்கு நிலாவின் பெயர்!

எத்தனையோ கல்யாணப் படங்கள் அந்தப் பிலிமில் பதிந்தன. பின்னால் கலர் வந்தது. டிஜிட்டல் வந்தது. நஷ்டம் மேல் நஷ்டம். 1990-களில் நலிந்த நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்த ஆலை, பிறகு மூடியே போயிற்று.

ஆலை மூடினால் பிலிம் மட்டுமா போகிறது? அதைக் கழுவும் நேரம் எழுதிய தாளும் போகிறது! கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. இன்றைக்கும் யாராவது ஒருவர் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில், கழுவாத "இந்து" சுருள் ஒன்று கிடக்கலாம். அதில் அப்பாவின் வாலிப முகம் இருக்கலாம். பெட்டியோடு இருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்! உள்ளே இருக்கும் தாளையும் எறியாதீர்கள்! இனி அதுதான் ஒரே சாட்சி.

துப்பறிவது எப்படி?

நம் கொல்லிமலை இளைஞரிடம் திரும்புவோம். பெயர் தெரியாத பிலிம் அவர் கையில் இருக்கிறது. அவர் என்ன செய்ய வேண்டும்? போலீஸ்காரர் தடயம் தேடுவதுபோல் தேட வேண்டும்.

முதல் தடயம், பெட்டி. "எந்த நாட்டில் செய்தது?" என்ற சிறு எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படிக்க வேண்டும். இங்கிலாந்து என்றால் சில பிலிம்கள்தான். செக் என்றால் அதைவிடக் குறைவு. இதிலேயே பாதித் துப்பு கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: பூசியது ஒரு நாடாகவும், பெட்டியில் போட்டது வேறு நாடாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, வேகம். 100 வேகப் பிலிமையும் 400 வேகப் பிலிமையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். இதனால் மேலும் சில பெயர்கள் கழியும்.

மூன்றாவது, டப்பி. டப்பியின் மேல் கோடு கோடாக இருக்கும் பட்டையும், அதன் எண்ணும் சில சமயம் ஆலையைக் காட்டிக் கொடுக்கும்.

நான்காவது, பட்டை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைச் சிறிது கிழித்துப் பாருங்கள். சாதாரணப் பிலிம் கிழியும். பாலியஸ்டர் பட்டை லேசில் கிழியாது. விமானத்திலிருந்து படம் எடுக்கும் பிலிமை வெட்டி, வேறு பெயரில் விற்பதுண்டு. அவற்றில் பல பாலியஸ்டர்தான்.

ஐந்தாவது, ஓர எழுத்து. பிலிமின் ஓரத்தில் எண்களும் எழுத்துக்களும் ஆலையிலேயே பதிவாகியிருக்கும். கழுவிய பிறகுதான் அவை தெரியும். சில சமயம் உண்மைப் பெயரே அங்கே இருக்கும்! பெயர் மாற்றி விற்பவர்கள் பெரும்பாலும் அதை வெறும் எண்ணாக விட்டுவிடுவார்கள். எழுத்தின் வடிவத்தை வைத்தே ஆலையைச் சொல்லிவிடும் கில்லாடிகள் உண்டு.

இந்த ஐந்தையும் பார்த்தால், "இது இன்னதாக இருக்கலாம், அல்லது இன்னது" என்று இரண்டு மூன்று பெயர்கள் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் அதன் கம்பெனி கொடுத்திருக்கும் நேரத்தைத் தாளில் எழுதுங்கள். எல்லா நேரமும் அரை நிமிட வித்தியாசத்தில் இருந்தால் கவலையே இல்லை. நடுவில் உள்ளதை வைத்துக்கொள்ளலாம். 9¾-க்கும் 13-க்கும் உள்ளதுபோல் தூரம் அதிகமாக இருந்தால்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்

அப்போதுதான் பாட்டி சொன்ன பழமொழி கை கொடுக்கும். பானையில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம் அல்லவா? பிலிமிலும் ஒரு துண்டை வெட்டிக் கழுவிப் பார்க்க வேண்டும்.

இதற்கு, மலை ஏறும்போதே முன்யோசனை வேண்டும். சுருளின் முதல் 6 படத்தைச் சோதனைக்கு என்று ஒதுக்கிவிட வேண்டும். மர நிழல், வெயில் பட்ட வெள்ளைச் சுவர், ஒரு மனித முகம், மூன்றும் ஒரே படத்தில் வருகிற மாதிரி ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதையே 6 தடவை எடுக்க வேண்டும்.

கையால் சுற்றும் கேமராக்களில், திருப்பிச் சுற்றிய சுருளின் வெளிப்பக்கத்தில் இருப்பது முதலில் எடுத்த படங்கள்தான். கும்மிருட்டில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். ஒரு படத்துக்கு 38 மில்லிமீட்டர் நீளம். முன்னால் உள்ள வெற்று நுனியைக் கழித்தபின், 15 சென்டிமீட்டர் வெட்டினால் 4 படம் வரும். 6 படம் எடுத்திருப்பதால், வெட்டு கொஞ்சம் முன்பின் விழுந்தாலும் பாட்டியின் முகத்துக்கு ஆபத்து இல்லை. (சில மோட்டார் கேமராக்கள் கடைசியிலிருந்து முதலுக்கு எடுக்கும். அவற்றில் கடைசி 6 படத்தை ஒதுக்க வேண்டும்.)

சிவப்பு விளக்கு போட்டுக்கொள்ளலாமா? இது எந்தப் பிலிம் என்று நிச்சயமாகத் தெரியும் வரை கூடாது! சிவப்புக்கு மயங்காத பிலிமும் உண்டு. சிவப்பு பட்டால் கெட்டுவிடும் பிலிமும் உண்டு. பெயர் தெரியாதவனை இருட்டிலேயே வைத்திருப்பது நல்லது.

வெட்டிய துண்டை டாங்கில் போட்டு, தாளில் எழுதிய நேரங்களுக்கு நடுவாக ஒரு நேரம் வைத்துக் கழுவுங்கள். முதல் 10 விநாடியில் டாங்கை 4 தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு, ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் அதே மாதிரி செய்யுங்கள். சோதனையில் எப்படிக் குலுக்கினீர்களோ, அப்படியேதான் மீதிச் சுருளையும் குலுக்க வேண்டும். இல்லையேல் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

பத்திரிகையே அளவுகோல்!

கழுவிய துண்டு காய்ந்துவிட்டது. சரியா, தப்பா என்று எப்படிச் சொல்வது? விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் பத்திரிகையே போதும்!

நல்ல வெளிச்சத்தில், அச்சடித்த எழுத்தின் மேல் நெகட்டிவை வையுங்கள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைச் சுவர்தான் மிகவும் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பின் வழியாகப் பாருங்கள். எழுத்தைச் சற்றுச் சிரமப்பட்டுப் படிக்க முடிந்தால், நேரம் சரி. எழுத்தே தெரியாவிட்டால், நேரம் அதிகம். எழுத்து பளிச்சென்று தெரிந்தால், நேரம் போதாது. அதிகம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். போதாது என்றால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். சந்தேகம் இருந்தால், மீதி இரண்டு சோதனைப் படத்தையும் வெட்டி இன்னொரு முறை பாருங்கள்.

நிழல் பகுதியில் ஒன்றுமே பதியாமல் கண்ணாடியாக இருக்கிறதா? அதற்கு மருந்து பொறுப்பல்ல. படம் எடுக்கும்போதே வெளிச்சம் போதவில்லை. எவ்வளவு நேரம் கழுவினாலும் இல்லாதது வராது.

இங்கே ஓர எழுத்துக்களும் உதவும். அவை நல்ல கறுப்பாக இருந்து, படம் மட்டும் வெளிறியிருந்தால், குற்றம் படம் எடுத்தவருடையது. எழுத்துக்களும் சேர்ந்து வெளிறியிருந்தால், நேரம் போதவில்லை. அல்லது மருந்து செத்துவிட்டது.

மலைத் தண்ணீர்; சமவெளித் தண்ணீர்

பட்டியலில் உள்ள நேரம் எல்லாம் பெரும்பாலும் 20 டிகிரி சூட்டுக்கு உரியது. குளிர் நாட்டுக் கணக்கு அது. சித்திரை மாதம் நாமக்கல் குழாயைத் திறந்தால் தண்ணீர் 30 டிகிரியையும் தாண்டும். அந்தத் தண்ணீரில் மருந்து வெறிபிடித்து வேலை செய்யும். பூச்சின் பசையும் ஊறி இளகிவிடும்.

கொல்லிமலை 1,000 மீட்டருக்கு மேல் உயரம். மலை வீட்டுத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். மார்கழியில் 20-க்குக் கீழேகூடப் போகலாம். ஆகவே, ஒரே பிலிமை மலையில் கழுவினால் ஒரு நேரம். அடிவாரத்தில் கழுவினால் வேறு நேரம்!

கணக்கு சுலபம். 20 டிகிரியில் 10 நிமிடம் பிடிக்கும் பிலிமுக்கு, 24 டிகிரியில் சுமார் 7 நிமிடம் போதும். 18 டிகிரியில் சுமார் 12 நிமிடம் வேண்டும். ஆனால், 5 நிமிடத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். மருந்து சீராகப் பரவாமல் திட்டுத் திட்டாக விழும். நேரம் அவ்வளவு குறைந்தால், மருந்தில் தண்ணீர் சேர்த்து நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். எச்.பி.5 பிளசுக்கு, டி-76 மருந்தை அப்படியே ஊற்றினால் 7½ நிமிடம். சம பங்கு தண்ணீர் சேர்த்தால் 13 நிமிடம் என்பதை நினைவில் வையுங்கள்.

சூட்டைக் குறைக்க ஐஸ் கட்டியை மருந்துக்குள் போடாதீர்கள்! மருந்து நீர்த்துவிடும். அகலமான பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, மருந்துப் பாட்டிலை அதற்குள் நிறுத்தி வையுங்கள். தெர்மாமீட்டர் 20 காட்டியதும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹைப்போவுக்கும் ஒரு சோதனை உண்டு. வெட்டிப்போட்ட நுனித் துண்டு ஒன்றை ஹைப்போவில் போடுங்கள். பால்போல் இருக்கும் துண்டு எத்தனை நிமிடத்தில் தெளிகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரண்டு பங்கு நேரம் சுருள் முழுவதையும் ஹைப்போவில் வைக்க வேண்டும். பிலிமின் பெயர் தெரியாவிட்டாலும் இந்த நேரத்தைப் பிலிமே சொல்லிவிடும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மருந்துகளுக்கென்று தனிப் பாத்திரம் வைக்கச் சொல்லுங்கள். சமையல் பாத்திரத்தைக் கொடுக்காதீர்கள். பாட்டிலில் பெயர் எழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

ஒரு அணா நோட்டு

கடைசியாக, மிக முக்கியமான கருவி ஒன்று பாக்கி. அது ஒரு நோட்டுப் புத்தகம்! அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் பலர் ஒரு அணா நோட்டில் இதையெல்லாம் எழுதி வைப்பார்கள்.

பிலிமின் பெயர், பெட்டியில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு எண், எந்த மருந்து, எத்தனை பங்கு தண்ணீர், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், படம் எப்படி வந்தது. இந்த ஏழையும் ஒரே வரியில் எழுதுங்கள். தயாரிப்பு எண் எதற்கு என்கிறீர்களா? விற்கிறவர் நாளைக்கே வேறு ஆலையில் சரக்கு வாங்கி, இதே பெட்டியில் போடலாம். பெயர் மாறாது, எண் மாறும். எண் மாறினால் மறுபடியும் ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள்.

பிடித்த பிலிம் கிடைத்துவிட்டால், ஒரே எண் உள்ள சுருள்களாக நாலைந்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முதல் சுருளைக் கொல்லைப்புறத்து முருங்கை மரத்தை எடுத்துக் கெடுத்தாலும் பரவாயில்லை. நேரத்தைக் கண்டுபிடித்த பிறகு, அடுத்த சுருளோடு மலை ஏறுங்கள்.

கம்பெனிகள் வரும், போகும். பெயர்கள் கைமாறும். ஊட்டி ஆலையைப்போல் சில, நேரம் சொல்ல ஆள் இல்லாமலே மறைந்துபோகும். ஆனால், பூச்சு பொய் சொல்லாது. அதனிடமே கேட்டால், ஒரு சிறு துண்டின் செலவில் உண்மையைச் சொல்லிவிடும்.

அந்தத் துண்டுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள், முழுச் சுருளையும் பணயம் வைக்கிறார்கள்!